சுவரிலிருந்து பெருக்கமரம் வரை

மகன், இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இரு. பள்ளிக்கூடத்தில் நீ பிள்ளைகளைக் கதிரையைச் சுற்றி நடக்கவும், கதிரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவும் விட்டு இங்கிலீசு படிப்பிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். இன்றைக்கு அதில் சும்மா இருந்தால் போதும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், இங்கிலீசு வாத்தியார் வாசிக்கிறார். பிழைகளுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாயோ, கலியாணத்தன்று நீ ஏழாம் வகுப்பில் கணக்குக்கு எடுத்த மார்க்கை மைக்கில் சொல்லிவிடுவேன்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெனிற்றாவுக்குச் சீதனமாக எழுதப்போகிற காணியில், நீங்கள் கிணறு வெட்ட நாள் குறித்திருக்கிற இடத்தில், நான் சரி என்று சொல்லும்வரை ஒருவரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. கிணறு வெட்டுகிறவரிடம் நானே போய், நாள் சரியில்லை என்று பொய் சொல்லி நிறுத்திவிட்டேன். உனக்குப் போனில் இரண்டு தரம் சொல்லப் பார்த்தேன். இரண்டு தரமும் வாயில் பகிடி வந்ததே தவிர விசயம் வரவில்லை. மருமகள் தண்ணீர் அள்ளிக் குடிக்கப்போகிறாள் என்று மாமிக்குப் பொறாமை என்று நீயும் சிரித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். விசயம் இதுதான். அந்தக் காணியில் மிதிவெடி இல்லை என்று பல வருசங்களுக்கு முன் கையெழுத்துப் போட்டவள் உன் அம்மா. அந்தக் கையெழுத்துக்குக் கீழே, கால் எடுத்து வைத்தால் பதினைந்து எட்டு நீளத்துக்கு, ஒரு பொய் கிடக்கிறது. ஜெனிற்றாவையும் பக்கத்தில் இருத்தி வாசி. அவள் என்னிடம் ஒன்று கேட்டாள், அவளுக்கும் நான் பொய்தான் சொன்னேன்.

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து தாழ்வுபாட்டில் தகரக் கொட்டில் போட்டபோது உனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்குச் சொந்தப் படகு இல்லை, பிறத்தியாரின் படகில் ஏறிப் போனார். நான் கருவாடு காயப்போட்டேன். மிதிவெடி எடுக்கிற நிறுவனம் ஒன்று பெண்களையும் வேலைக்கு எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, பாலம் தாண்டி அக்கரைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்கிற ஆள்.

"எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள் அக்கா?"

"அஞ்சு."

"முன் அனுபவம் ஏதும்?"

"வெயிலுக்க முழங்காலில இருந்து ஒவ்வொரு மீனாத் திருப்பிப் போடுவன் தம்பி. விடியத் துவங்கினால் மத்தியானம் மட்டும். ஒண்டையும் மிதிக்க மாட்டன்."

அவர் அதை இங்கிலீசில் சொல்ல, வெள்ளைக்காரர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது. ஒன்றையும் மிதிக்காமல் இருப்பதுதான் வேலையே என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வெள்ளைக்கார மனுசனுக்குக் கழுத்து நீளம், கால் நீளம், நடக்கும்போது ஒவ்வொரு காலாக யோசித்துத் தூக்குவார். கொக்கர் என்று பெயர் வைத்தேன். ஒரு மாதம் போனபின் வோக்கிடோக்கியில் அவரே "கொக்கர் ஸ்பீக்கிங்" என்றார். புஸ்பம் சிரிப்பை அடக்கமாட்டாமல் ஹெல்மட்டோடு மண்ணில் உருண்டாள். புஸ்பத்தை உனக்குத் தெரியும், உனக்குத் தொதல் கிண்டிக் கொண்டுவந்து தருகிற மாமி. நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் முழங்காலில் இருந்து வேலை செய்தவர்கள்.

கொஞ்சக் காலத்தில் என்னை அணிக்குப் பொறுப்பாக்கினார்கள். பொறுப்பாளர் வோக்கியில் இங்கிலீசில் கதைக்க வேண்டும், றிப்போட்டும் இங்கிலீசில். கொக்கர் எங்களுக்குப் புத்தகம் தரவில்லை. ஒரு கதிரை, ஒரு கயிறு, ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். "வோக்" என்பார், காலைத் தூக்குவோம். "அக்றொஸ்" என்றால் கயிற்றுக்குக் குறுக்கே. "அலோங்" என்றால் கயிற்றோடு கூட. "பாஸ்ட்" என்றால் கதிரையைக் கடந்து. "இன்ட்டு" என்றபோது புஸ்பம் தகரப் பெட்டிக்குள் காலை விட்டாள், கால் மாட்டிக்கொண்டது. "இதுக்கு இங்கிலீசில என்னவாம்?" என்று கேட்டாள். "இதுக்குப் பேர் புஸ்பம்" என்றேன்.

எனக்கு அந்தப் பாஷை பிடித்துவிட்டது. தமிழில் நாங்கள் நுழைந்தான், கடந்தான், திரும்பினான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஆளை வேலைக்கு வைத்திருக்கிறோம். இங்கிலீசுக்காரர் சிக்கனம். நடக்க ஒரு கழுதை, பார்க்க ஒரு கழுதை. கழுதை அதேதான், முதுகில் ஏறி இருக்கிற குட்டிச் சொல்தான் அதை எங்கே ஓட்டுவது என்று தீர்மானிக்கிறது. மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அது உடனே ஏறியது. லுக் அற் என்றால் பார். லுக் டவுன் என்றால் குனிந்து பார். லுக் ஃபோர் என்றால் தேடு. லுக் பாஸ்ட் என்றால் ஒருவர் முன்னால் நிற்க, அவரைத் தாண்டி அங்காலே பார். லுக் த்றூ என்றால் ஆளுக்கூடாகவே பார்.

"ஆளுக்கூடாக எப்பிடியடி பாக்கிறது? ஆள் என்ன கண்ணாடியோ?" என்றாள் புஸ்பம்.

"உன்ர மாமியார் உன்னைப் பாக்கிறமாதிரி."

"ஓ, அதுவோ" என்று தலையாட்டினாள். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கொக்கர் சிரிக்கவிடவில்லை. கயிற்றை நிலத்தில் போட்டு, "ஸ்ரெப் ஓவர்" என்றார். காலை அகட்டி அங்காலே வைத்தோம். "ஸ்ரெப் ஒன்" என்றார். கயிற்றின் மேல் மிதித்தோம். பிறகு தன் வலது காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். அது பிளாஸ்டிக் கால். அந்த இரண்டு குட்டிச் சொற்களுக்கும் நடுவில் ஒரு கால் கிடக்கிறது என்று எங்களுக்கு விளங்கியது. அவர் ஏன் ஒவ்வொரு காலாக யோசித்துத் தூக்குகிறார் என்பதும் விளங்கியது. நான் வைத்த பெயரை எண்ணி அன்று பின்னேரம் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா வாய் திறக்காமல் வந்த நாட்கள் மிகக் குறைவு.

பிறகு அதையெல்லாம் கொட்டில் முற்றத்தில் உனக்கு விளையாட்டாகக் காட்டினேன். கோழியைக் கடந்து நட, கழுதையைச் சுற்றி ஓடு, வேலிக்கு மேலால் பார். எல்லாம் செய்வாய். "லுக் அண்டர் த பெட்" என்றால் மட்டும் மாட்டாய். கட்டிலுக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று பயம். "நீங்கள் பாத்திட்டு ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ அம்மா, அது காணும்" என்பாய். நான் குனிந்து, "ஒண்டும் இல்லை ராசா" என்பேன். உடனே நித்திரையாகிவிடுவாய். இப்போது சொல்கிறேன், நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. குனிவேன், கண்ணை மூடிக்கொள்வேன், ஒன்றும் இல்லை என்பேன். எனக்கும் பயம்தான். அம்மா சொன்னால் சரி என்று நீ நம்பிய அந்த நம்பிக்கைதான் இப்போது என்னைத் தின்கிறது.

இனி அந்தக் காணி. மாந்தைக்கு அங்காலே குளக்கட்டை ஒட்டிய நிலம். நீ பார்த்தபடிதான் அப்போதும் இருந்தது. ஒரு காலத்தில் வீடாக இருந்ததில் மிஞ்சிய ஒற்றைச் சுவர், அதற்குப் பதினைந்து எட்டில் அடிமரம் வீடளவு பருத்த அந்தப் பெருக்கமரம், இடையில் இடுப்பளவு புல். காற்று இந்தப் பக்கம் அடித்தால் திருக்கேதீஸ்வரத்து மணிச்சத்தம் வரும். அந்த நிலத்துக்கு நாங்கள் போன நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பத்து மணிக்குத் தேத்தண்ணிக்கு எழும்பி ஹெல்மட்டின் முகக்கண்ணாடியைத் தூக்கினேன். சுவர்ப்பக்கமிருந்து ஒரு பெண் நடந்து போகிறாள். நீலக்கட்டம் போட்ட சேலை, இடுப்பில் அலுமினியக் குடம். நாங்கள் இன்னும் கை வைக்காத நிலத்துக்குள்ளால், முற்றத்தில் போவதுபோல, மரத்தை நோக்கிப் போகிறாள்.

விசில் ஊதினேன். எல்லோரும் கத்தினோம். "அக்கா, நில்லுங்கோ! அசையாதேங்கோ!" அவள் நிற்கவில்லை, ஓடவுமில்லை. முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினாள். எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். குளக்கட்டும் தண்ணீரும்தான். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது அவள் புல்லுக்குள் மறைந்துவிட்டாள். மரத்துக்கு இன்னும் சில எட்டு இருந்தது.

வேலையை நிறுத்தி றிப்போட் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆபத்தான இடத்தில் ஆள் நடமாட்டம் என்று ஒரு படிவம். கொக்கர் வந்து பென்சிலோடு இருந்தார். வோக்ட் இன்ட்டு என்றால் எந்த இடத்தால் உள்ளே போனாள்? வோக்ட் அவுட் என்றால் எந்த இடத்தால் வெளியே வந்தாள்? அக்றொஸ் என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தாளா? ஒவ்வொரு குட்டிச் சொல்லும் எங்களிடம் ஒரு இடத்தைக் கேட்டது. காணியைச் சுற்றிக் கட்டிய நாடா ஒரு இடத்திலும் அறுந்திருக்கவில்லை. வெளி மணலில் எங்கள் சப்பாத்துகளின் அடையாளத்தைத் தவிர வேறு காலடி இல்லை. கடைசியில் கொக்கர் "வோக்ட் அலோங்" என்று மட்டும் எழுதினார். ஏதோ ஒன்றின் வழியே நடந்தாள், அவ்வளவுதான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஊருக்குள் விசாரிக்கச் சொன்னார்.

றோட்டோரக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் தேயிலை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"குடத்தோடயோ?"

"ஓம் ஐயா. ஆரெண்டு தெரியுமே?"

"போகேக்க பாத்தனீங்களோ, வரேக்க பாத்தனீங்களோ?"

"போகேக்கதான். திரும்பி வரக் காணேல்லை."

"ம்" என்றார். தேயிலையைச் சுருட்டி, நூலால் கட்டி, முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தார். "வரேக்க பாத்தால் வந்து சொல்லுங்கோ."

அடுத்த நாளும் பத்து மணிக்கு அவள் போனாள். அதற்கு அடுத்த நாள் கொக்கரே வந்து நின்றார். நானும் புஸ்பமும் பார்த்தோம், அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயில், தண்ணீர் குடியுங்கள் என்றார். அதன் பிறகு நான் றிப்போட் எழுதவில்லை. புஸ்பம் பத்து மணியானால் முதுகைத் திருப்பி இருந்து தேத்தண்ணி குடிக்கப் பழகிவிட்டாள். எனக்கோ, உனக்குத் தெரியும்தானே என் வாயை. "வந்திட்டா, எங்கட பத்து மணி பஸ்" என்பேன். "அக்கா, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்கோவன், சீனி கூடப் போட்டிருக்கு" என்று கூப்பிடுவேன். புஸ்பம் என் தொடையில் கிள்ளுவாள். அவள் முகம் திரும்பும், பார்வை என் தோளுக்கு மேலால் போகும், புல் அசையாமல் மூடிக்கொள்ளும். காற்றடிக்கிற நாளிலும் அந்த இடத்துப் புல் மட்டும் அசையாது. அதைக் கவனித்தும் நான் பகிடி விட்டேன். பயம் வந்தால் எனக்குப் பகிடிதான் வரும், உன் அப்பாவுக்குப் பசி வருவதுபோல.

மாரி வருமுன் அந்தக் காணியை முடிக்க வேண்டும். மற்ற அணிகள் தங்கள் தங்கள் துண்டை முடித்துவிட்டன. எல்லாவற்றுக்கும் கடைசியாக, சுவரிலிருந்து மரம் வரைக்குமான அந்த ஒரு பாதை எங்களுக்கு மிஞ்சியது. உலோகம் தேடுகிற கருவியை வைத்தால் கத்துகிறது. கத்துகிற ஒவ்வொரு இடத்திலும் முழங்காலில் இருந்து, விரலளவு விரலளவாக மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு இடத்தில் கூரை ஆணி. மூன்றாவதில் நகமளவு தகரத் துண்டு. நாலடி போவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. வானம் கறுக்கிறது. எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. மிதிவெடி எடுக்கிறவளுக்கு மட்டும் வரக்கூடிய யோசனை அது. ஒருவர் தினமும் மிதித்து நடக்கிற இடத்தில் வெடி இருக்காது. ஆட்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையைப் பார்த்துத்தான் நாங்களே பாதுகாப்பான இடத்தை முடிவு செய்வோம், அது எங்கள் தொழில் வழக்கம். இந்தப் பாதையில் ஒரு பெண் தினமும் நடக்கிறாள், ஒன்றும் வெடிக்கவில்லை. அப்படியானால் ஒன்றும் இல்லை. அவள் காலடி ஏன் மண்ணில் பதியவில்லை என்று யோசிக்க வேண்டிய இடத்தில் நான் யோசிக்கவில்லை.

"கம்பை மரத்தடிக்குத் தள்ளு" என்றேன் புஸ்பத்திடம். பார்த்து முடித்த எல்லையைக் காட்டுகிற வெள்ளைக் கம்பு அது.

"எடியே, பாக்காமலோ?"

"எங்கட பத்து மணி பஸ் ஓடுற றோட்டடி அது. ஒண்டும் இல்லை."

ஒன்றும் இல்லை. உன் கட்டிலுக்குக் கீழே குனிந்து சொன்ன அதே சொல். அந்த நேரம் அவள் வந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் பார்வை என்னைத் தாண்டிப் போகவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள், மறுபடி நிலத்தைப் பார்த்தாள். கொக்கரின் வகுப்பில் நின்று படித்த எனக்கு, லுக் அற், லுக் டவுன் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் செய்து காட்டினாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கையைக்கூட ஆட்டினேன். சோதிக்க வந்தவர்கள் வேறு வேறு இடங்களில் சோதித்தார்கள், அந்தப் பாதையில் கருவி வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். குறித்த நாளில் முடித்த அணி என்று எனக்கு ஒரு சுவர் மணிக்கூடு பரிசு தந்தார்கள். நீ நேரம் பார்க்கப் பழகிய அதே மணிக்கூடுதான். இத்தனை வருசத்தில் அது ஒரு நாளும் நின்றதில்லை. ஒரு தரமாவது நின்றிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் காணி மாடு மேயும் நிலமாகத்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாடுகள் அந்தப் புல்லுக்குள் போவதில்லை என்று அறிந்தபோதும், மாட்டுக்கு என்ன தெரியும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு உனக்குப் பெண் பார்த்து, எல்லாம் பொருந்தி, போன மாதம் ஜெனிற்றாவின் தகப்பன் சீதனக் காணியைக் காட்ட வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். போகப் போக அது எனக்குப் பழகிய பாதையாகத் தெரிந்தது. சுவர் தெரிந்தது. மரம் தெரிந்தது. "முந்தி இதில ஆரோ குடியிருந்தவை, இடம்பெயர்ந்து போனபிறகு தகவல் இல்லை" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ போனைப் பார்த்துக்கொண்டு சுவரடியிலிருந்து மரத்தை நோக்கி நடக்கிறாய். "அம்மா, மரத்தடியில கிணறு நல்லா இருக்கும்" என்கிறாய். நான் உன் கால்களை மட்டும் பார்த்து எட்டுகளை எண்ணினேன். ஏழு. எட்டு. கத்திவிட்டேன்.

"நில்லடா! வந்த அடியிலயே திரும்பி வா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "காஞ்சோண்டி மண்டிக் கிடக்கு. கலியாண மாப்பிள்ளை சொறிஞ்சுகொண்டு நிண்டால் வடிவோ?" என்றேன். சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாய். வானில் ஏறும்போது ஜெனிற்றா என் கையைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"மாமி, அவருக்கு முன்னால மறிச்சுக்கொண்டு நிண்ட அக்கா ஆர்? குடத்தோட?"

"ஆரோ தண்ணிக்குப் போறவவாக்கும் பிள்ளை" என்றேன். மறித்துக்கொண்டு நின்றவளை நான் காணவில்லை. அவள் வந்தும் நான் காணாதது அந்த ஒரு நாள்தான். நாளைக்குக் காலையில் பழைய நிறுவனத்தின் கந்தோருக்குப் போகிறேன். போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

இதை ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். பேனை வேறு, எழுத்தும் கொஞ்சம் கோணல், கண்டுகொள்ளாதே.

கொக்கர் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். கந்தோரில் உன் வயதில் ஒரு பிள்ளை இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு படிவம் தந்து, தமிழிலும் எழுதலாம் அம்மா என்றாள். நான் இங்கிலீசில்தான் எழுதுவேன் என்றேன், அந்தப் பொய்யை இங்கிலீசில்தானே எழுதிக் கொடுத்தேன். ஐ டிட் நொட் லுக் ஃபோர் என்று எழுதி நிறுத்தினேன். நான் தேடவில்லை. "எதைத் தேடேல்லை எண்டும் எழுதவேணும் அம்மா" என்றாள். மிதிவெடியை என்று எழுதினேன். புஸ்பத்தின் பெயரை எழுதவில்லை. அவளிடம் போய்ச் சொன்னபோது, "கம்பைத் தள்ளினது என்ர கையடி, என்ர பேரையும் எழுது" என்று சண்டைக்கு வந்தாள். தள்ளச் சொன்னது என் வாய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புது அணி வந்தது. என்னை நாடாவுக்கு வெளியே ஒரு கதிரையில் இருத்தினார்கள். சுவரிலிருந்து துவங்கினார்கள். ஐந்தாவது எட்டிலிருந்து கருவி விடாமல் கத்தியது. மண்ணை விரலளவாக எடுத்தார்கள். ஆணி இல்லை. அலுமினியத் துண்டுகள். பிறகு வளைந்த விளிம்பு ஒன்று, அது குடத்தின் வாய். ஒன்பதாவது எட்டில் எலும்பு தெரிந்தது, வேலையை நிறுத்தினார்கள். பொலிசும் நீதவான் கோட்டிலிருந்து ஆளும் வந்தார்கள். கட்டம் போட்ட துணியில் ஒரு கைக்குட்டையளவு இன்னும் நீலமாகவே இருந்தது. எடுத்ததையெல்லாம் வெள்ளைத் துணியில் வைத்து மூடினார்கள். அவள் என்ன சமயம் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பாதர் வந்து வாய்க்குள் ஏதோ சொன்னார், பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் துவங்கி, பன்னிரண்டாவது எட்டில் இன்னொரு மிதிவெடியை எடுத்தார்கள். உள்ளங்கையளவு. வெடிக்காதது. நீ எட்டாவது எட்டில் திரும்பினாய், மகன்.

அவள் தண்ணீருக்குப் போனவள். போய்ச் சேரவில்லை, திரும்பி வரவுமில்லை. மண்ணைத் தோண்டிப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டம் தன் வாசலுக்கு வந்திருக்கிறது என்று அறிந்து, ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு எழும்பி வந்து தான் கிடக்கிற இடம்வரை நடந்து காட்டினாள். கருவி கத்தியது அவள் குடத்துக்குத்தான். நான் அவளுக்குப் பிளேன்டீ காட்டினேன், அவளுக்கு மேலால் கம்பைத் தள்ளினேன். அவள் எங்களைத் தாண்டிப் பார்க்கிறாள் என்று முதல் நாள் றிப்போட்டுக்காகக் கொக்கரிடம் சொன்னவள் நான். அவள் குளத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். தாண்டிப் பார்த்தது நான்தான். அந்தப் படிவத்தில் எதைத் தேடவில்லை என்ற இடத்தில் இப்போது எழுதச் சொன்னால் அவளைத்தான் எழுதுவேன்.

அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "இவ்வளவு காலமும் எப்பிடியடி சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனீ?" என்றார். சிரிக்காவிட்டால் விழுந்திருப்பேன் என்றேன். பிறகு, சாப்பாடு இருக்கா என்று கேட்டார். ஜெனிற்றாவின் தகப்பன் என்னோடு கதைப்பதில்லை. அது நியாயம். காணியை மாற்றித் தருகிறோம் என்று உனக்குச் சொல்லி அனுப்பப்போகிறாராம், நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வீட்டில் நிம்மதியாகப் படுக்க முடியுமா என்று உனக்குச் சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். யார் வந்து ஒன்றும் இல்லை என்று சொன்னாலும், நானே சொன்னாலும், நீ குனிந்து கண்ணைத் திறந்து பார். ஜெனிற்றா ஒன்றைக் கண்டேன் என்று சொன்னால் சிரிக்காதே. அவள் கண் நல்ல கண். மணிக்கூட்டைக் கழற்றிக் கந்தோரில் கொடுத்துவிட்டேன். சுவரில் வட்டமாக ஒரு வெள்ளை அடையாளம் இருக்கிறது. அப்பா நேரம் கேட்டால் வெயிலை லுக் அற் பண்ணச் சொல்கிறேன்.

அந்தக் காணியிலேயே இருப்பது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தால், கிணற்றை நீ பார்த்த இடத்திலேயே, மரத்தடியில் வெட்டுங்கள். இப்போது அங்கே உண்மையாகவே ஒன்றும் இல்லை, பதினைந்து எட்டையும் நான் கதிரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தண்ணீர் ஊறியதும் முதற்குடத்தை வீட்டுக்கு எடுக்காதீர்கள். ஜெனிற்றா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியிலிருந்து அந்த ஒற்றைச் சுவர் வரைக்கும் திரும்பி நடக்கட்டும். அவசரப்படாமல், தண்ணீர் கொஞ்சம் தளம்பிச் சிந்தினாலும் பரவாயில்லை. நீ அவளுக்குப் பக்கத்தில் நட. நான் உங்களுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு வருவேன், சத்தியம். குடத்தைச் சுவரடியில் இறக்கி வைத்த பிறகு எனக்கு ஒரு வேலை இருக்கிறது. றோட்டோரக் கடைக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், மூக்குக்கண்ணாடி மட்டும் தடித்திருக்கிறது. போய் நின்று, "ஐயா, வரேக்கயும் பாத்தம்" என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.

அம்மா